திருநெல்வேலிச் சீமையில் அரபுக் குதிரை: இனம் அறிந்து, பார்த்து வாங்கி, வளர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், 13ஆம் நூற்றாண்டின் கடைசியில், காயல் துறைமுகத்தில் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கின. பாரசீக, அரபுக் கடற்கரைகளின் ஹோர்முஸ், கிஷ், தோஃபர், ஏடன் துறைகளில் ஏற்றப்பட்டவை. கிஷ் தீவின் வணிகர் ஜமாலுதீன் பாண்டிய அரசருக்கு ஆண்டுக்கு 1,400 குதிரை அனுப்புவதாக ஒப்பந்தம். ஒன்றின் விலை 220 பொன் தினார். வழியில் செத்தாலும் பணம் உண்டு என்று பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் எழுதியிருக்கிறார். அதே காலத்தில் இங்கே வந்த மார்க்கோ போலோ, அரசர் ஒருவரே ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குவார், ஆண்டு முடியும்போது 100 கூட மிஞ்சாது என்கிறார். சோற்றோடு இறைச்சி சேர்த்துத் தின்னக் கொடுத்தார்கள், குளம்பு பார்க்கத் தெரிந்தவர் இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். காரணத்தில் இல்லை. அந்தக் காயல் இன்றைய பழையகாயல்தான் என்று அடையாளம் காட்டியவர் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல்.

எழுநூறு ஆண்டு கழித்தும், நம் பக்கத்தில் ஒரு நல்ல குதிரை கெடுவது பெரும்பாலும் இதே இரண்டு வழியில்தான்: தீவனம், குளம்பு. அரபுக் குதிரையின் அழகைப் பற்றிப் பேச ஆள் நிறைய உண்டு. அதனால் அழகைச் சொல்லிவிட்டு, இந்த இரண்டிலும் கூடுதல் நேரம் நிற்கிறேன்.

படி 1: எப்படி உருவான இனம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

அரபுப் பாலைவனத்தில் பெடூயின் மக்கள் இதை வளர்த்தெடுத்தார்கள். மேய்ச்சல் குறைவு, தண்ணீர் அதைவிடக் குறைவு. நெடுந்தூரம் ஓடி, மறுநாளும் ஓடக்கூடிய குதிரை மட்டுமே அங்கே தாக்குப்பிடித்தது. புல் கிடைக்காத காலத்தில் ஒட்டகப்பாலும் பேரீச்சம்பழமும் கொடுத்துக் காப்பாற்றினார்கள். எதிரி முகாமை நெருங்கும்போது கனைத்துக் காட்டிக் கொடுக்காது என்பதால் போருக்குப் பெட்டைக் குதிரையையே விரும்பினார்கள். அதைக் கூடாரத்துக்குள் குடும்பத்தோடு சேர்த்தே வைத்துக்கொண்டார்கள். வம்சத்தைத் தாய்வழியில் எண்ணினார்கள். குஹைலான், சக்லாவி, அபயான், ஹம்தானி, ஹத்பான் ஆகியவை புகழ்பெற்ற கிளைகள்.

மனிதரோடு இந்தக் குதிரைக்கு உள்ள நெருக்கம் அங்கிருந்து வந்தது. ஆளை அடையாளம் வைத்துக்கொள்ளும், குரலுக்குத் திரும்பும், சொல்லிக்கொடுத்ததைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். தப்பாகச் சொல்லிக்கொடுத்தாலும் அதே வேகத்தில் பிடித்துக்கொள்ளும். அடித்துப் பழக்கியவர் கையில் அரபுக் குதிரை தேறியதில்லை.

வேறு இனங்களை மேம்படுத்தவும் இதன் ரத்தம் போயிருக்கிறது. 1704இல் சிரியாவின் அலெப்போவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன தார்லி அரேபியன் என்ற ஆண்குதிரை, இன்றைய தரோபிரெட் பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தந்தைவழி மூதாதை. குறுகிய தூரத்தில் தரோபிரெட் அரபியை முந்திவிடும். தூரம் கூடக் கூடக் கதை மாறும். அமெரிக்காவில் 1955இல் தொடங்கிய டெவிஸ் கோப்பையில் ஒரே நாளில் மலைப்பாதையில் 160 கிலோமீட்டர் போக வேண்டும். அதில் அரபுக் குதிரைகளின் ஆதிக்கம்தான் ஆண்டாண்டாக நடக்கிறது. நெடுந்தூரப் போட்டிகளில் இடையிடையே நிறுத்தி நாடித் துடிப்பு பார்ப்பார்கள். வழக்கமாக நிமிடத்துக்கு 64க்குள் இறங்கினால்தான் மேலே போகலாம். சீக்கிரம் இறங்கும் இதயம் இந்த இனத்தின் பெரிய சொத்து.

படி 2: காலில் தொடங்கி மேலே பாருங்கள்

விற்பவர் முதலில் முகத்தைத்தான் காட்டுவார். முகம் அப்படி. நெற்றி சற்றே புடைத்து, அதற்குக் கீழே மூக்குத்தண்டு உள்வாங்கி, வாய்ப்பகுதி சிறுத்து முடியும். கண் பெரியது, கரியது, மற்றக் குதிரைகளைவிடக் கொஞ்சம் கீழே இறங்கி அமைந்திருக்கும். ஓடி வந்து நிற்கும்போது மூக்குத்துளை அகல விரியும். அந்த முகத்தைப் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் கண்ணில் படாது. அதனால் முகத்தைக் கடைசிக்கு வையுங்கள்.

குதிரையைச் சமதரையில் நிறுத்தச் சொல்லி, பக்கவாட்டில் இருபதடி தள்ளி நில்லுங்கள். முன்னங்கால் நேராக இறங்குகிறதா, நான்கு குளம்பும் ஒரே சீராக இருக்கின்றனவா, ஏதாவது ஒரு காலை மாற்றி மாற்றி ஓய்வில் வைக்கிறதா என்று பாருங்கள். பின்னங்காலை மாற்றி ஓய்வெடுப்பது இயல்பு. முன்னங்காலை நீட்டி வைத்து நின்றால் வலி இருக்கிறது என்று அர்த்தம். பிறகு கெட்டித் தரையில் நடக்க விட்டு, குளம்புச் சத்தத்தைக் காதால் கேளுங்கள். நான்கும் ஒரே தாளத்தில் விழ வேண்டும்.

அடுத்து முதுகு. அரபியின் முதுகு குட்டை. பல அரபுக் குதிரைகளுக்கு விலா 17 ஜோடியும் இடுப்பு முள்ளெலும்பு 5உம் இருக்கும். மற்ற இனங்களில் பொதுவாக 18, 6. எல்லா அரபிக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்றாலும், குட்டை முதுகும் மட்டமான பின்தட்டும் கண்ணுக்கே தெரியும். எடுத்து வைக்கும் நடையில் வால் நிமிர்ந்து கொடிபோல் பறக்கும். வாலின் அடியில் மிளகாய்த்தூளோ இஞ்சியோ தடவி வாலைத் தூக்க வைக்கும் கொடுமை சந்தைகளில் உண்டு. நின்ற நிலையிலும் வால் விறைத்துத் தூக்கி, குதிரை தவிப்பாக இருந்தால் அந்த ஆளிடம் வாங்காதீர்கள்.

உயரம் 57 முதல் 61 இன்ச். எடை ஏறத்தாழ 360 முதல் 450 கிலோ. சாஸ்தா கோயில் வாசலில் நிற்கும் குதிரைகளைப் பார்த்து வளர்ந்த நம் கண்ணுக்கு உயரமே அழகு, அரபி அருகில் வந்து நின்றால் "இவ்வளவுதானா?" என்று தோன்றும். 65 இன்ச் குதிரையைக் காட்டி "அண்ணாச்சி, ஒரிஜினல் அரபி" என்று ஒருவர் சொன்னால், அந்த உயரமே சந்தேகத்துக்குப் போதுமான காரணம்.

காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்த்தால் அது மார்வாடி அல்லது காத்தியாவாடி ரத்தம். அவையும் நம் நாட்டின் அருமையான இனங்கள், ஆனால் அரபி என்ற விலைக்கு வாங்க வேண்டியதில்லை. அரபியின் காது நுனியும் லேசாக உள்வாங்கும், ஒட்டாது.

நிறம்: செம்பழுப்பு, செந்நிறம், சாம்பல், கருப்பு. ரோமம் எந்த நிறமானாலும் பெரும்பாலும் அடியில் தோல் கருப்பு. வெயில் படும் ஊருக்கு அது நல்லது. வெள்ளைக் குதிரை என்று நாம் சொல்வது பெரும்பாலும் வயதாகி வெளுத்த சாம்பல் குதிரை. பிறக்கும்போது கருத்தோ சிவந்தோ இருக்கும். வெளுத்த குதிரைகளுக்கு வயதான பிறகு வாலடியிலும் ஆசனவாய்ப் பக்கத்திலும் கருங்கட்டிகள் வரும் வாய்ப்பு கூடுதல். வாலைத் தூக்கி அங்கே விரலால் தடவிப் பாருங்கள்.

சுழி பார்ப்பது நம் வழக்கம். பார்க்கட்டும், ஒரு வீட்டின் மனநிம்மதிக்கு அது வேண்டுமென்றால் வேண்டும். ஆனால் ராஜசுழி இருக்கிறது என்பதற்காகக் கோணல் காலை மன்னிக்காதீர்கள்.

படி 3: எதற்கு வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

சவாரி, நெடுந்தூரப் பயணம், வீட்டில் ஒரு ஜீவனாக வளர்ப்பது என்றால் அரபி பொருந்தும். வண்டிப் பந்தயத்துக்கு வேண்டாம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் திருவிழாவுக்கும் வாடகைக்கு விட என்றாலும் வேண்டாம் என்பேன்: செண்டைமேளமும் வெடியும் தாங்கப் பழக்கலாம், ஆனால் இந்த இனத்தின் கூர்மையான உணர்வை அதற்காக மழுங்கடிப்பது வீண்.

ஆளும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ. முதல் முறை வைத்துக்கொள்பவர் காயடித்த ஆண்குதிரையோ, அமைதியான பெட்டையோ எடுப்பது நல்லது. வயது ஏழெட்டு இருந்தால் நல்லது; அரபி மெதுவாக முதிரும் இனம், ஐந்தாறு வயதில்தான் உடல் நிறையும்.

படி 4: காகிதம், ரத்தம், மருத்துவர்

தூய அரபி என்றால் வம்சாவளிச் சான்று இருக்கும். உலக அரபுக் குதிரை அமைப்பு ஏற்றுக்கொண்ட பதிவேட்டில் அது இருக்க வேண்டும். குதிரையின் உடலில் மைக்ரோசிப் இருந்தால் அதன் எண்ணும் சான்றில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும். "காகிதம் பிறகு வரும்" என்றால் விலையைக் காகிதம் இல்லாத குதிரையின் விலையாகவே பேசுங்கள். ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் ஆடித் திருவிழாவின்போது கூடும் குதிரைச் சந்தைக்கு ஒரு முறை போய் வாங்காமல் வெறுமனே பார்த்துவிட்டு வாருங்கள். கண் பழகும்.

வட இந்தியாவிலிருந்து வரும் குதிரைக்கு கிளாண்டர்ஸ் நோய்ப் பரிசோதனை கட்டாயம் கேளுங்கள். இது மனிதருக்கும் தொற்றும், உயிரைப் பறிக்கும். நோய் உறுதியானால் குதிரையைக் கொல்வதைத் தவிர வழி இல்லை. ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தில் இதற்கான ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். வந்த குதிரையை மூன்று வாரமாவது தனியே கட்டுங்கள். தண்ணீர்த் தொட்டியும் வாளியும் தனி.

வாங்குமுன் ஒரு கால்நடை மருத்துவரை அழைத்துப் போவது பணம் மிச்சம் பிடிக்கும் செலவு. திருநெல்வேலியை ஒட்டி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குதிரை வாங்கும் முன்பே அங்கே போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். குதிரைக்கு நள்ளிரவில் வயிறு வலிக்கும்போது மருத்துவரைத் தேடத் தொடங்கக் கூடாது.

படி 5: லாயம்

ஒரு குதிரைக்குப் பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி. கூரை உயரமாக, இரண்டு பக்கமும் காற்றோட்டம். தகரக் கூரை என்றால் மேலே பனையோலையோ தென்னங்கீற்றோ வேய்ந்துவிடுங்கள். சித்திரை வைகாசியில் அந்த ஓலை செய்யும் உதவியை மின்விசிறி செய்யாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியதை நினைவில் வைத்து மேட்டில் கட்டுங்கள். ஆற்றங்கரை வயல்காட்டில் லாயம் என்றால், தண்ணீர் வந்தால் எந்த வழியாகக் குதிரையை வெளியே கொண்டுபோவீர்கள் என்பதை முன்பே நடந்து பார்த்து வையுங்கள்.

அரளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான்குவழிச் சாலையின் நடுவில் வளர்த்திருப்பது அரளி. கோயில் மாலையிலும் அரளி. வீட்டு வேலியிலும் அரளி. சில கைப்பிடி இலை ஒரு குதிரையின் இதயத்தை நிறுத்தப் போதும். காய்ந்த இலையும் அதே அளவு விஷம். லாயத்தைச் சுற்றி ஒரு செடிகூட வேண்டாம். வெட்டிய கிளையை மேய்ச்சல் பக்கம் போடாதீர்கள். ஊர்வலத்தில் கழுத்தில் மாலை போட வந்தால் என்ன பூ என்று பாருங்கள்.

படி 6: தீவனம்

முதலில் எடையைக் கணக்கிடுங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரை நீளம், இரண்டையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 170, நீளம் 155 என்றால் சுமார் 377 கிலோ.

உலர்ந்த நிலையில் ஒரு நாளைக்கு எடையில் 1.5 முதல் 2 சதவீதம் தீவனம். 400 கிலோ குதிரைக்கு 6 முதல் 8 கிலோ. பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால், பசும்புல்லாகவே கொடுத்தால் 30 கிலோவைத் தாண்டும். இதில் பெரும்பங்கு நார்த்தீவனமாக இருக்க வேண்டும். குதிரையின் இரைப்பை சிறியது, நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ன அமைந்தது. காலையில் ஒரு கட்டு, மாலையில் ஒரு கட்டு என்று மாட்டுக்குப் போடுவது போலப் போட்டால் வயிற்றுப்புண்ணும் வயிற்றுவலியும் வரும். நான்கைந்து தடவையாகப் பிரியுங்கள்.

நெல் விளையும் ஊரில் வைக்கோலும் தவிடும்தான் கைக்கு எளிதில் கிடைக்கும். வைக்கோல் மாட்டுக்கு ஆகும். குதிரைக்கு அதில் சத்து மிகக் குறைவு. தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. தவிடே முக்கியத் தீவனமானால் உடல் கால்சியத்தை எலும்பிலிருந்து உருவும். தாடை, முக எலும்பு வீங்கும், கால் நொண்டும். நம் பக்கம் வளரும் கோ-4 கம்பு நேப்பியர், கொழுக்கட்டைப் புல் ஆகியவற்றில் ஆக்சலேட் இருப்பதால் அவையும் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நான் முதலில் சொல்வது அறுகம்புல். பசுமையாகவும் கொடுக்கலாம், காயவைத்தும் சேமிக்கலாம். அதோடு குதிரைமசால், நாளைக்கு ஒன்றிரண்டு கிலோ காய்ந்தது. கால்சியக் குறையை அது ஈடுகட்டும்.

கொள்ளு நல்லது. ஊறவைத்தோ வேகவைத்தோ கொடுங்கள். லேசான சவாரி மட்டும் செய்யும் அரபிக்கு எல்லாத் தானியமும் சேர்த்து ஒன்று முதல் இரண்டு கிலோ போதும், அதுவும் இரண்டு வேளையாக. அரபி குறைந்த தீவனத்தில் உடம்பைப் பிடித்துக்கொள்ளும் இனம். பாசத்தில் கூடக் கொடுத்தால் குளம்புக்குள் அழற்சி வந்து படுத்துவிடும். உடன்குடிக் கருப்பட்டி கொடுப்பவர்கள் உண்டு. கையில் வைத்து நக்கக் கொடுக்கும் ஒரு சிறு துண்டோடு நிறுத்துங்கள்.

கடலைக்கொடி கிடைத்தால் பூஞ்சணம் இல்லாமல், மண் உதறிப் போடுங்கள். கோழித் தீவனமும் சில மாட்டுத் தீவனங்களும் மோனென்சின் என்ற மருந்து கலந்து வரும். மாட்டுக்கும் கோழிக்கும் ஒன்றும் செய்யாத அளவு குதிரையைக் கொன்றுவிடும். தீவன மூட்டைகளைத் தனி அறையில் வையுங்கள். எந்தத் தீவனத்தையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், பத்து நாளில் மெல்ல மாற்றுங்கள்.

திருச்செந்தூர், சாத்தான்குளம், உடன்குடிப் பக்கம் தேரி மண்ணில் வளர்ப்பவர்கள் தீவனத்தைத் தரையில் கொட்டவே கூடாது. மணல் வயிற்றில் சேர்ந்து குடலை அடைக்கும். சந்தேகம் இருந்தால் சாணி உருண்டை ஐந்தாறை வாளித் தண்ணீரில் கரைத்துச் சிறிது நேரம் விடுங்கள். அடியில் மணல் படிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தேரியில் சவாரியும் மெதுவாகவே. ஆழ மணலில் ஓட்டினால் தசைநாண் பிடித்துக்கொள்ளும்.

படி 7: தண்ணீர், வெயில், வியர்வை

நாளைக்கு 25 முதல் 45 லிட்டர். கோடையிலும் வேலை நாளிலும் அதற்கு மேல். எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் தண்ணீர் இருக்க வேண்டும். உப்பு நாளைக்கு 30 முதல் 50 கிராம். குதிரையின் வியர்வையில் உப்பு அதிகம் போகும் என்பதால் நன்றாக வியர்த்த நாளில் கூட்டிக் கொடுங்கள்.

அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கத்துக் காற்றும் காயல்பட்டினக் கரையின் புழுக்கமும் குதிரைக்கு ஒன்றல்ல. பாரன்ஹீட் வெப்பத்தையும் காற்றின் ஈரப்பத சதவீதத்தையும் கூட்டிப் பாருங்கள். 150ஐத் தாண்டினால் வேலையைக் குறையுங்கள், 180 என்றால் சேணத்தை இறக்கி வையுங்கள். கடற்கரையில் 95 டிகிரியும் 75 சதவீத ஈரமும் சேர்ந்தால் 170. அதனால் சவாரியெல்லாம் விடியலில். சவாரி முடிந்த குதிரை மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, வழித்துவிட்டுக்கொண்டே இருங்கள். சூடான உடம்பில் குளிர்ந்த நீர் படக் கூடாது என்ற பயம் வேண்டாம். புழுக்கமான ஊரில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். வெயிலில் ஓடியும் தோல் காய்ந்திருந்து, மூச்சு மட்டும் வாங்கினால் உடனே நிழல், தண்ணீர், மருத்துவர்.

படி 8: குளம்பு

தினமும் நான்கு காலையும் தூக்கி, கொக்கியால் அடிப்பக்கத்தைச் சுத்தம் செய்யுங்கள். நாற்றமும் கருப்புக் கசிவும் இருந்தால் லாயம் ஈரமாக இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இது எல்லாருக்கும் வரும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பைச் சீவ வேண்டும். மாட்டுக்கு லாடம் அடிப்பவர் கை தேர்ந்தவராக இருந்தாலும் குதிரைக் குளம்பு வேறு. பழகியவரைத் தொலைவிலிருந்தாவது வரவழையுங்கள். அரபியின் குளம்பு பொதுவாகக் கெட்டியானது. மண்பாதையில் மட்டும் போகும் குதிரைக்குப் பல நேரம் லாடமே வேண்டியதில்லை, சீவல் மட்டும் தவறக் கூடாது.

படி 9: தினசரிக் கண்காணிப்பு

ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, உடல்சூடு 99 முதல் 101.5 டிகிரி பாரன்ஹீட். உங்கள் குதிரையின் இயல்பான அளவை எழுதி லாயச் சுவரில் ஒட்டுங்கள்.

முன்னங்காலால் தரையைக் கீறுவது, வயிற்றைத் திரும்பிப் பார்ப்பது, படுத்துப் புரள்வது, சாணி நிற்பது: வயிற்றுவலி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது போனதுதான். தீவனத்தை எடுத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். மூங்கில் குழாயால் எண்ணெயோ கஷாயமோ வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். நாடி 60ஐத் தாண்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

மழைக்குப் பிறகு கடிக்கும் பெரிய ஈக்கள் சர்ரா நோயைப் பரப்பும். விட்டு விட்டுக் காய்ச்சல், ஈறு வெளுப்பு, கால் வீக்கம் கண்டால் ரத்தம் எடுத்துப் பாருங்கள். தனுர்வாத ஊசி ஆண்டுக்கொரு முறை. குடற்புழு மருந்தை மருத்துவர் சாணியைப் பரிசோதித்துச் சொல்லும்படி கொடுங்கள்.

படி 10: குட்டி எடுக்க விரும்பினால்

அரபி இனத்துக்கே உரிய மரபணு நோய்கள் உண்டு. எதிர்ப்புசக்தியே இல்லாமல் பிறந்து ஐந்து மாதத்துக்குள் இறக்கும் குட்டிகள், சிறுமூளை சுருங்கித் தலை ஆடும் குட்டிகள், வெளிர் ஊதா நிறத்தில் பிறந்து நிற்க முடியாமல் போகும் குட்டிகள். தாய், தந்தை இரண்டும் அந்த மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. சுமக்கும் குதிரை வெளியே முழு ஆரோக்கியமாக இருக்கும், டி.என்.ஏ. சோதனையில் மட்டுமே தெரியும். சோதனை செய்யாத ஆண்குதிரையிடம், எவ்வளவு அழகானதாக இருந்தாலும், பெட்டையைக் கொண்டுபோகாதீர்கள்.

சினைக்காலம் ஏறத்தாழ 340 நாள். குட்டி பெரும்பாலும் இரவில்தான் பிறக்கும், அதனால் கடைசி இரண்டு வாரம் லாயத்தில் ஆள் படுக்க வேண்டும். பிறந்த குட்டி ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்தில் தாய்க்கு நஞ்சுக்கொடி விழ வேண்டும். மாட்டுக்கு நஞ்சுக்கொடி விழ மறுநாள் வரை பொறுப்போம். குதிரைக்கு அந்தத் தாமதம் உயிருக்கு ஆபத்து. இந்த மூன்றில் எது தவறினாலும் விடியும் வரை பார்க்காமல் மருத்துவரை எழுப்புங்கள்.